ஊருக்குள் படை இறங்கினால் என்ன செய்யலாம்? இல்லினாய்க்குப் புதிதாக வந்தவர்களுக்கு

2025 அக்டோபரில் டெக்சஸ் நேஷனல் கார்ட் (மாநிலத்தின் பகுதிநேர ராணுவம்) வீரர்கள் சிகாகோவுக்குத் தென்மேற்கே எல்வுட்டில் வந்து இறங்கிய வாரம், புறநகர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடியது: “நாம ஏதாவது பண்ணலாமா? பண்ணா விசாவுக்குச் சிக்கல் வருமா?” பதிலாக வந்ததில் பாதி பயம், மீதி ஃபார்வர்டு. இல்லினாய் கவர்னர் வேண்டாமென்ற பிறகும் ஜனாதிபதி படையை அனுப்பியதை எதிர்த்து மாநில அரசு வழக்குப் போட்டது. மத்திய மாவட்ட நீதிபதி தடை விதித்தார். டிசம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையில் கைவைக்க மறுத்துவிட்டது. வழக்கின் கதை அத்தோடு போகட்டும்.

வழக்குப் போடுவது மாநிலத்தின் வேலை. நமக்கு என்ன வேலை, அதில் எது யாருக்குச் சரிப்படும், என்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவு, எத்தனை நாள் ஆகும் என்பதை ஒரே இடத்தில் சொல்லித்தர ஆளில்லாமல் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் இறங்குவது பல வேலைகளில் ஒன்று. விசாவில் இருப்பவருக்கு அதுதான் இருப்பதிலேயே ஆபத்து கூடியது. போன், மனு, ஊர்க்கூட்டம் என்று ஆபத்து குறைந்த வேலைகளில் நம் ஆட்கள் யாரும் தென்படுவதே இல்லை. நான் வக்கீல் இல்லை. உங்கள் கேஸில் சின்னச் சிக்கல் இருந்தாலும் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

1. உங்கள் ஸ்டேட்டஸ் என்ன?

எச்1பி (வேலை), எச்4 (அவர்கள் குடும்பம்), எஃப்1 (மாணவர்) விசாவில் இருப்பவர்கள்: காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரை அழைக்கலாம், ஊர்க்கூட்டத்தில் பேசலாம், அரசு ஆவணம் கேட்டு மனுப் போடலாம், அமைதியான பேரணிக்குப் போகலாம். சம்பளம் வாங்காமல் தேர்தல் பிரசாரத்தில் தொண்டு செய்யலாம்; ஆனால் பணத்தை எப்படிச் செலவழிப்பது போன்ற முடிவுகளில் தலையிடக் கூடாது. வேட்பாளருக்கு ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. வாக்களிக்கவே கூடாது.

கிரீன் கார்டு இருந்தால் மேலே சொன்னவற்றோடு நன்கொடையும் தரலாம். 2025–26 தேர்தல் சுற்றில் மத்தியத் தேர்தல் வேட்பாளர் ஒருவருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் உச்சவரம்பு. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலும் நவம்பர் தேர்தலும் தனித்தனிக் கணக்கு. வாக்கு இவர்களுக்கும் கிடையாது.

நம் வீட்டு விருந்துகளில் சர்வசாதாரணமாக நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். “நான் எச்1பில இருக்கேன், என் பங்கையும் சேர்த்து உங்க பேர்ல போட்டுடுங்க, அப்புறம் பணத்தை ஜெல் (Zelle) ஆப்ல அனுப்பிடறேன்.” அடுத்தவர் பெயரில் நன்கொடை கொடுப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். கொடுத்தவர், பெயரை இரவல் தந்தவர் இருவருமே மாட்டுவார்கள்.

பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டும் என்று அரசியல் சட்டத்தில் இல்லை. ஆனால் 2025 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகப் போராட்டத்தில் முன்னின்ற ஒருவரை, கிரீன் கார்டு இருந்தும் பிடித்து லூசியானாவில் மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். அவர் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை. உரிமை இருக்கிறது என்பது ஒன்று, அதை நிலைநாட்ட எத்தனை மாதம் உள்ளே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எவ்வளவு தூரம் போவது என்பதை இரண்டையும் எடைபோட்டு நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். சின்னக் குழந்தையும் ஒற்றைச் சம்பளமும் இருக்கும் வீட்டில் ஒருவர் வெளியே வராவிட்டால் அவரைக் கோழை என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

2. லைசென்ஸ் வாங்கும் இடத்தில் ஒரு பொறி

அரசியலே வேண்டாம் என்பவர்களும் படிக்க வேண்டிய பகுதி இது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது, புதுப்பிக்கும்போது, “வாக்காளராகப் பதிந்துகொள்ள விருப்பமா?” என்று ஒரு கேள்வி வரும். பின்னால் வரிசை நிற்கிறதே என்று எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ தட்டிக்கொண்டே போனால் தீர்ந்தது. குடிமகன் அல்லாதவர் மத்தியத் தேர்தலில் வாக்களிப்பது குற்றம். நான் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகப் பதிவானாலே, பின்னாளில் கிரீன் கார்டுக்கும் குடியுரிமைக்கும் கதவு அடைபடலாம். தெரியாமல் தட்டிவிட்டேன் என்றால் லேசில் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் சரியாகவே தட்டியிருந்தாலும் போதாது. இல்லினாயில் தானியங்கிப் பதிவு முறை வந்த புதிதில், குடிமகன் இல்லை என்று தெளிவாகச் சொன்ன 500-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் கணினிக் கோளாறால் தேர்தல் வாரியத்துக்குப் போய்விட்டது. 2020 தொடக்கத்தில் அது செய்தியாக வந்தது. எனவே லைசென்ஸ் வாங்கிய சில வாரங்களில் மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். இருந்தால், வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் கவுண்டி கிளார்க்குக்கு எழுதி நீக்கச் சொல்லி, நீக்கியதற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள். எழுதுவதற்கு முன் வக்கீல். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் “எப்போதாவது வாக்காளராகப் பதிந்ததுண்டா?” என்ற கேள்வி இருக்கிறது. அன்று அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

3. வாஷிங்டனுக்குப் போன்

செலவு: ஒன்றுமில்லை. நேரம்: இரண்டு நிமிடம்.

காங்கிரஸின் பொது எண் 202-224-3121. உங்கள் உறுப்பினர் பெயரையோ மாநிலத்தையோ சொன்னால் இணைப்பார்கள். ஆனால் உள்ளூர் அலுவலக எண்ணைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது, அங்கே லைன் சீக்கிரம் கிடைக்கும். எடுப்பவர் பெரும்பாலும் கல்லூரி படிக்கும் வயதுப் பிள்ளையாக இருப்பார். பெயர், ஜிப் கோடு கேட்பார். சில சமயம் தெரு முகவரியும். விசா என்ன என்று கேட்க மாட்டார். அந்தத் தொகுதியில் வசிப்பவர் எல்லாருமே அவருக்குத் தொகுதி மக்கள்தான், குழந்தைகள் உட்பட. ஆகவே “நான் சிட்டிசன் இல்லையே” என்று தயங்க வேண்டாம். நீங்களாகப் போய் வாக்காளர் என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்.

பேச வேண்டியது இவ்வளவுதான்: “என் பெயர் இன்னது, இன்ன ஊரில் வசிக்கிறேன், ஜிப் கோடு இது. கவர்னர் சம்மதம் இல்லாமல் நேஷனல் கார்டை ஊருக்குள் அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் திருத்தத்துக்கு உறுப்பினர் ஆதரவு தர வேண்டும். அவருடைய நிலைப்பாட்டை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.” மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் உங்கள் அழைப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒரு அழைப்புக்கு ஒரு விஷயம் போதும். ஐந்து விஷயம் பேசினால் எதன் கீழ் குறிப்பது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

நேரம் பார்த்து அழைப்பதில்தான் சூட்சுமம். ராணுவத்துக்கான வருடாந்திரச் சட்டம் ஒன்று ஒவ்வோர் ஆண்டும் நிறைவேறியாக வேண்டும். அதன் முதல் வரைவு பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில் ஆயுதப் படைக் குழுக்களில் திருத்தப்படும், இறுதி வடிவம் டிசம்பரை ஒட்டி வரும். உள்நாட்டில் படையை இறக்க ஜனாதிபதிக்கு வழி தரும் 1807-ஆம் ஆண்டின் கிளர்ச்சிச் சட்டத்தையோ, ராணுவம் போலீஸ் வேலை பார்ப்பதைத் தடுக்கும் 1878-ஆம் ஆண்டின் பாஸி காமிடாட்டஸ் சட்டத்தையோ யாராவது திருத்த நினைத்தால் அதைச் செருக வசதியான வண்டி அதுதான். அந்த மாதங்களில் வரும் அழைப்புக்கு வேலை இருக்கிறது. ஆகஸ்டில் உறுப்பினர்கள் ஊருக்கு வந்துவிடுவார்கள். அது நேரில் பிடிக்க வேண்டிய மாதம்.

வாஷிங்டனுக்குத் தபாலில் கடிதம் போடாதீர்கள். 2001 ஆந்த்ராக்ஸ் சம்பவத்துக்குப் பிறகு எல்லாத் தபாலும் பாதுகாப்புச் சோதனைக்குப் போய்வருவதால் வாரக்கணக்கில் தாமதமாகும். அடுத்த தொகுதி உறுப்பினரை அழைப்பதும் வீண். ஜிப் கோடு கேட்டதும் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள்.

4. ஃபோயா மனு: நம்மாட்கள் தொடாத ஆயுதம்

ஊரில் ஆர்டிஐ போட்டிருக்கிறீர்களா? பத்து ரூபாய் வில்லை ஒட்டி? ஃபோயா என்ற தகவல் சுதந்திரச் சட்டமும் அதே சங்கதிதான், இங்கே வில்லைகூட வேண்டாம். ஆர்டிஐ இந்தியக் குடிமக்களுக்குத்தான். இங்கே மத்திய ஃபோயா சட்டமும் இல்லினாய் ஃபோயா சட்டமும் “எந்த நபரும்” கேட்கலாம் என்கின்றன. விசா, கிரீன் கார்டு எதுவும் காட்ட வேண்டியதில்லை. எல்லா மாநிலமும் இப்படி இல்லை என்பதை மறக்காதீர்கள். வர்ஜீனியா, டென்னசி போன்றவை தங்கள் மாநிலத்தவருக்கு மட்டும்தான் தரும்.

எதைக் கேட்பது? பெரிய இடத்தில் தொடங்காதீர்கள். உங்கள் ஊர்க் காவல் துறையிடம் தொடங்குங்கள். 2025 ஆகஸ்டில், ஃப்ளாக் என்ற நிறுவனம் தன் நம்பர் பிளேட் கேமராக்களில் பதிவான இல்லினாய்த் தகவல்களை மத்தியச் சுங்க எல்லைக் காவல் பார்க்க வழி விட்டிருந்தது தெரியவந்தது. கண்டுபிடித்தது மாநிலச் செயலர் அலுவலகத்தின் தணிக்கை. உங்கள் தெருமுனைக் கம்பத்தில் சோலார் தகட்டோடு நிற்கும் கறுப்புக் கேமராவும் ஒருவேளை அதே வகைதான். அதற்கு உங்கள் ஊராட்சி போட்ட ஒப்பந்தம் பொது ஆவணம்.

மனு இப்படி இருக்கட்டும்: “இல்லினாய் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் கேட்கிறேன். (1) நம்பர் பிளேட் கேமரா நிறுவனத்துடனான நடப்பு ஒப்பந்தம். (2) 2025 அக்டோபர் 1 முதல் 31 வரை, காவல் துறைத் தலைவருக்கும் மத்தியக் குடிவரவு முகமைகளுக்கும் நேஷனல் கார்டுக்கும் இடையே நடந்த மின்னஞ்சல்கள். மின்னணு வடிவில் அனுப்பவும். வணிக நோக்கம் இல்லை.” ஆங்கிலத்தில் இதுவே நாலு வரி. அந்த ஊரின் ஃபோயா அலுவலருக்கு மின்னஞ்சலில் போகட்டும். எங்கள் படிவத்தில்தான் தர வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது. எதற்குக் கேட்கிறீர்கள் என்றும் கேட்க முடியாது, வணிக நோக்கமா என்பதைத் தவிர.

காலம்: 5 வேலை நாள். காரணம் சொல்லி இன்னும் 5 நாள் நீட்டலாம். கெடு தாண்டிவிட்டார்கள் என்றால் நகலுக்குக் காசு கேட்கும் உரிமையையும், “சுமை அதிகம்” என்று மறுக்கும் உரிமையையும் இழந்துவிடுவார்கள். அதனால் அனுப்பிய தேதியைக் காலண்டரில் போட்டு வையுங்கள். செலவு: கறுப்பு வெள்ளை நகலில் முதல் 50 பக்கம் இலவசம், அதற்குமேல் பக்கத்துக்கு 15 சென்ட்டுக்கு மிகாமல். மின்னஞ்சலில் வாங்கினால் பெரும்பாலும் ஒன்றுமே ஆகாது.

மறுத்தாலும் கறுப்பு மை பூசி அனுப்பினாலும் சோர்ந்துபோக வேண்டாம். 60 நாளுக்குள் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் இருக்கும் பொதுத்தகவல் ஆலோசகரிடம் முறையிடலாம். அதற்கும் கட்டணமில்லை. உங்கள் மனு, அவர்கள் பதில் இரண்டையும் இணைத்து ஒரு மின்னஞ்சல் போதும். ஆலோசகர் விசாரிக்கிறார் என்று தெரிந்ததும் பூசிய மை கொஞ்சம் கரைவதுண்டு.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. “நேஷனல் கார்ட் பற்றிய எல்லா ஆவணங்களும்” என்று கேட்டால், சுமை என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். தேதி, ஆள், வகை மூன்றையும் குறுக்குங்கள். ஆர்வத்தில் ஒரே ஆள் ஒரே அலுவலகத்துக்கு ஒரே வாரத்தில் ஏழு மனுப் போட்டால் சட்டம் உங்களை “அடிக்கடி கேட்பவர்” பட்டியலில் சேர்க்கும், 5 நாள் 21 நாளாகிவிடும். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, தப்பான வாசலைத் தட்டுவது. நேஷனல் கார்ட் கவர்னர் கட்டளையில் இருந்த நாட்களுக்கு மாநில ராணுவ விவகாரத் துறையைக் கேட்க வேண்டும். ஜனாதிபதி கட்டளைக்குப் போன நாட்களுக்கு மத்தியப் பாதுகாப்புத் துறை.

மத்திய ஃபோயாவில் சட்டப்படி 20 வேலை நாள். நடப்பில் மாதங்கள், சில நேரம் வருடங்கள். சாதாரண மனுதாரருக்கு இரண்டு மணி நேரத் தேடலும் 100 பக்கமும் இலவசம். “25 டாலர் வரை தரச் சம்மதம், கூடினால் முதலில் தெரிவிக்கவும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பில் பார்த்து மிரள வேண்டியிருக்காது.

கிடைத்த ஒப்பந்தத்தை என்ன செய்வது? ஊர் மன்றக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். நிகழ்ச்சி நிரலை 48 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், பொதுமக்களைப் பேச விட வேண்டும் என்பது இல்லினாய்ச் சட்டம். பெரும்பாலான ஊர்களில் மூன்று நிமிடம் தருவார்கள். வாசலில் ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும், அதனால் கால் மணி முன்னதாகவே போய்விடுங்கள். “பக்கம் 4-ல் தகவல் பகிர்வு பற்றி இப்படி இருக்கிறதே, இதை யார் அனுமதித்தது?” என்று கையில் காகிதத்தோடு ஒருவர் கேட்டால் மேடையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஜனநாயகம் பற்றி மூன்று நிமிடம் உரை நிகழ்த்தினால் தண்ணீர் குடிப்பார்கள்.

5. பேரணிக்குப் போவதென்றால்

நடைபாதையில், வழியை மறிக்காமல் நிற்பதற்குப் பொதுவாக அனுமதி வேண்டாம். சாலையை மறித்து ஊர்வலம் போவதற்கு நகராட்சி அனுமதி வேண்டும். அது நடத்துபவர் பொறுப்பு. வாஷிங்டன் நேஷனல் மால் திடலில் 25 பேர் வரை என்றால் அனுமதி இல்லாமலே கூடலாம்.

கையில் இருக்க வேண்டியவை: கிரீன் கார்டு, அல்லது நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 அச்சுப் பிரதி. 18 வயது தாண்டிய, குடிமகன் அல்லாத எவரும் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், பேரணிக்கு மட்டுமான விதி அல்ல. பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிடுங்கள். வக்கீல் எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் முழங்கைக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். போனைப் பிடுங்கிவிட்டால் மனைவி எண்கூட நமக்கு ஞாபகம் இருக்காது. போனில் முகம், கைரேகைப் பூட்டை அணைத்து, எண் பூட்டு மட்டும் வையுங்கள். பளிச்சென்ற பச்சைத் தொப்பி போட்டவர்கள் தெரிந்தால் அவர்கள் நேஷனல் லாயர்ஸ் கில்டின் சட்டப் பார்வையாளர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

படம் எடுக்கலாம். பொது இடத்தில் வேலை செய்யும் போலீஸைப் பதிவு செய்யும் உரிமையை 2012-லேயே இந்தப் பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. தள்ளி நின்று எடுங்கள். எடுத்ததை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். தேதி, நேரம், தெருப் பெயரைத் தனியாகக் குறியுங்கள். 2025-ல் சிகாகோவில் குடிவரவுப் படையினர் கண்ணீர்ப்புகை வீசியது பற்றிய வழக்கில், அதிகாரிகளின் அறிக்கையை நீதிபதி உரசிப் பார்த்தது வீடியோக்களையும் நேரில் கண்டவர்களின் சாட்சியத்தையும் வைத்துத்தான். நேரலை மட்டும் போடாதீர்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் காகிதம் இல்லாமல் இருக்கலாம்.

கலைந்து போங்கள் என்று அறிவிப்பு வந்தால் விசாவில் இருப்பவர் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். “இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம்” என்பதில்தான் ஆள் மாட்டுவது. கைது ஆனாலே, வழக்கு தள்ளுபடி ஆனாலும், என்-400 படிவத்தில் சொல்லியாக வேண்டும்; நீதிமன்ற கிளார்க்கிடம் முத்திரையிட்ட தீர்ப்பு நகல் வாங்கி இணைக்க வேண்டும். வழக்கு முடிந்த வாரமே இரண்டு நகல் வாங்கி வையுங்கள்.

பிடித்துவிட்டால் பெயரைச் சொல்லுங்கள், “வக்கீல் வேண்டும், அதுவரை பேசமாட்டேன்” என்று சொல்லுங்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தூதரகத்துக்குச் சொல்லட்டுமா என்றும் கேட்பார்கள். இந்தியர், இலங்கையர் விஷயத்தில் அது உங்கள் விருப்பம். ஈழத்திலிருந்து வந்து அகதித் தஞ்சம் கேட்டு இருப்பவர்கள் வக்கீலைக் கேட்காமல் ‘சரி’ சொல்ல வேண்டாம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்தத் தேர்வே இல்லை; ஒப்பந்தப்படி தூதரகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

ஸ்டாம்பிங்குக்கு (பாஸ்போர்ட்டில் விசா வாங்க) சென்னை போகும் திட்டம் இருந்தால் கூடுதல் கவனம். விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் கடந்த ஐந்து ஆண்டு சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025 டிசம்பர் 15 முதல் எச்1பி, எச்4 விண்ணப்பதாரர்கள் அந்தக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்றும் விதி வந்தது. அதை ஒட்டி ஊரில் பலருக்கு நேர்காணல் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. கணக்கை மறைப்பது பொய்த் தகவல் ஆகிவிடும். போட்ட பதிவுக்காகச் சிக்குவதைவிட அது மோசம்.

6. குடியுரிமையும் வாக்கும்

கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு முடிவதற்கு 90 நாள் முன்பே என்-400 போடலாம். இணையத்தில் 710 டாலர், காகிதத்தில் 760. வருமானம் குறைவு என்றால் 380-க்கு வழி இருக்கிறது, ஆனால் அதைக் காகிதத்தில்தான் கேட்க வேண்டும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குத் தேர்வு கடினமாகியிருக்கிறது: 128 கேள்விகள் படிக்க வேண்டும், 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். வேலைவழிக் கிரீன் கார்டுக்கான இபி-2 வரிசையில் நிற்கும் இந்தியர்களுக்கு இதெல்லாம் எந்த ஜென்மத்திலோ என்று தெரியும். அவர்கள் 3, 4-ஆம் பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சத்தியப் பிரமாணம் எடுத்த இடத்திலேயே தொண்டு அமைப்புகள் வாக்காளர் படிவம் நீட்டிய காலம் போய்விட்டது; 2025 ஆகஸ்டில் அதை நிறுத்திவிட்டார்கள். நீங்களே பதிய வேண்டும். இல்லினாயில் தேர்தலுக்கு 16 நாள் முன்பு வரை இணையத்தில் பதியலாம், தவறவிட்டால் தேர்தல் அன்றும் நேரில் பதியலாம். இரண்டு அடையாளச் சான்று எடுத்துப் போங்கள், ஒன்றிலாவது இப்போதைய முகவரி இருக்க வேண்டும். அடுத்த காங்கிரஸ் தேர்தல் 2026 நவம்பர் 3.

பதிந்த பிறகு வாக்குச்சாவடியில் ‘எலெக்‌ஷன் ஜட்ஜ்’ (சாவடியை நடத்தும் அலுவலர்) வேலைக்குக் கவுண்டி கிளார்க்கிடம் விண்ணப்பியுங்கள். பயிற்சி உண்டு, கவுண்டியைப் பொறுத்துக் கூலியும் உண்டு. சாவடி காலை 6 முதல் மாலை 7 வரை, நீங்கள் 5 மணிக்கே நிற்க வேண்டும். லீவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குடியுரிமை பெற்ற அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்றால் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குக் கவுண்டியில் இந்தியில் வாக்குச்சீட்டு உண்டு, அது நம் அம்மாக்களுக்கு உதவாது. ஆனால் வாசிக்க முடியாதவர் தனக்குப் பிடித்த ஒருவரை மறைவிடத்துக்குள் அழைத்துப்போக மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. வேலை கொடுத்தவரும் தொழிற்சங்க ஆளும் மட்டும் கூடாது. மகளோ மருமகனோ தாராளமாகப் போகலாம். சாவடியில் ஒரு உறுதிமொழிப் படிவம் தருவார்கள், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.